அறுபது சென்ட் நிலமும் ஒரு பொருத்தனையும்

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து 67 வயது வாசகர் ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

1989-இல் வங்கிக் கடன் வாங்கி முந்திரி ஆலை ஒன்றைத் தொடங்கினார். எங்கள் பக்கத்து வழக்கில் ‘அண்டி ஆபீஸ்’. 34 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 2021-இல் ஆலையை வாடகைக்கு விட்டுவிட்டு ஓய்வுக்கு வந்தார். மனைவி சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். மகன் வளைகுடாவில், மகள் பெங்களூரில்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதய அறுவைச் சிகிச்சை. பிழைத்து எழுந்தால், அப்பாவிடமிருந்து வந்த 60 சென்ட் சாலையோர நிலத்தைக் கர்த்தருக்குக் கொடுப்பதாக மருத்துவமனைக் கட்டிலிலேயே பொருத்தனை செய்தார். இப்போது அவர் போய்வரும் ஜெபக்கூட்டத்தின் போதகர் அந்த இடத்தில் ஆராதனை மண்டபம் கட்டலாம் என்கிறார். கட்டடத்துக்கு மேலும் 10 லட்சம் ரூபாய் தருவதாக இவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்படி விதைப்பவருக்கு நூறு மடங்கு திரும்பி வரும் என்பது போதகரின் வாக்கு.

மகன், ‘தாத்தா சொத்து, பிறப்பிலேயே எனக்குப் பங்கு உண்டு, கோர்ட்டுக்குப் போவேன்’ என்கிறார். மகள் வேறு திசை. பணக்காரர் இறந்தால் சொத்தில் ஒரு பகுதியை அரசு வரியாக எடுத்து ஏழைகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு முற்றி, ‘அப்பா, நீங்கள் கிறிஸ்தவரே இல்லை’ என்று சொல்லிவிட்டு இலையைவிட்டு எழுந்துபோயிருக்கிறார்.

வாசகரின் கேள்விகள் நான்கு. மகன் தடுக்க முடியுமா? கிறிஸ்தவர் தர்மத்துக்கு உயில் எழுதி ஓராண்டுக்குள் இறந்துவிட்டால் உயில் செல்லாது என்கிறார்களே, உண்மையா? வாரிசுரிமை வரி வருவதற்குள் அவசரமாக எழுதிவிட வேண்டுமா? மனமுவந்து கொடுப்பதைத்தான் வேதம் கேட்கிறது, அரசு பிடுங்கிப் பங்கிடுவதை எதிர்ப்பது விசுவாசத்துக்கு விரோதமா?

போகிறபோக்கில் அவர் எழுதியிருக்கும் இரண்டு வரிகளையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று, ‘தங்கைகள் இருவருக்கும் அப்பாவே சீதனம் கொடுத்து அனுப்பிவிட்டார், அவர்களுக்கு இனி ஒன்றும் இல்லை.’ இன்னொன்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ‘20 வருடத்துக்கு மேல் என்னிடம் வேலை பார்த்த எட்டுப் பெண்கள் 2018-க்கும் 2021-க்கும் இடையில் வயதாகி நின்றுகொண்டார்கள். சட்டப்படி தரவேண்டியது எதுவும் இல்லை, எல்லோரும் எடைக்கூலிதான். இருந்தும் ஆளுக்கு ஒரு சேலையும் 5,000 ரூபாயும் மனமுவந்து கொடுத்தேன். அவர்களில் ஒருவர் எங்கள் பழைய சபையில் மூன்றாவது வரிசையில்தான் உட்காருவார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஏனென்று புரியவில்லை.’

ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மரணத்தின் விளிம்புக்குப் போய்த் திரும்பியவர், வீட்டுக்கு மாடி எடுக்க நினைக்காமல் கொடுக்க நினைக்கிறீர்கள். அந்த மனதை நான் மதிக்கிறேன். நான் வக்கீல், போதகர் அல்ல. ஆனால் பக்கத்துக்கு ஒரு வசனம் போட்டு நீங்கள் எழுதியிருப்பதால், பதிலிலும் வசனம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் தடுக்க முடியாது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிறப்பிலேயே பங்கு என்பது இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டத்தின் கருத்து. நமக்கு அது பொருந்தாது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதன்படி தந்தை உயிரோடு இருக்கும்வரை அவருடைய சொத்தில் மகனுக்கோ மகளுக்கோ எந்த உரிமையும் இல்லை, அது தாத்தா வழியாக வந்ததாக இருந்தாலும் சரி. உங்களுக்குச் சொந்தமானதை நீங்கள் யாருக்கும் கொடுக்கலாம். மகனிடம் சண்டையில்லாமல் இதைச் சொல்லுங்கள். அவர் பேராசையில் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் சொன்ன சட்டத்தை நம் வீட்டுக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

‘உங்களுக்குச் சொந்தமானதை’ என்றேன். சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

சகோதரிகளின் நாற்பது சென்ட்

உங்கள் அப்பா 1991-இல் உயில் எழுதாமல் இறந்தார், அம்மா 2004-இல் அப்படியே இறந்தார், பிள்ளைகள் நீங்கள் மூவர். கடிதத்தில் உள்ளபடியே கணக்குப் போடுகிறேன். அப்பா இறந்த அன்று நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு, மகன் மகள் என்ற பேதமில்லாமல் மூவருக்கும் சமமாக. அம்மா இறந்த அன்று அவருடைய பங்கும் மூவருக்கும் சமமாக. ஆக, 60 சென்டில் உங்களுடையது 20 சென்ட். மீதி 40 சென்டை நீங்கள் கர்த்தருக்கும் கொடுக்க முடியாது.

சீதனம் கொடுத்தால் பங்கு தீர்ந்தது என்ற நம்பிக்கை நம் மாவட்டத்தில் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து. மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. அந்தச் சட்டம் 1951-லேயே உயிரிழந்துவிட்டது என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, குமரி மாவட்டத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த முடிவுக்கு வந்திருந்தது. ஆனால் செத்த சட்டம் நம் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது என் அலுவலகத்தில் அதைச் சந்திக்கிறேன்.

பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது, தீர்வை நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உடன்பிறந்தவர்களின் பங்கை அழிக்கும் சக்தி அதற்கு இல்லை. கூட்டுச் சொத்தை ஒருவர் அனுபவித்து வந்தால், எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 35 வருடம் ஆகிவிட்டதே என்ற வாதமும் சுலபமாக நிற்காது. நீங்கள் அவர்களுடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களும் அதை அறிந்து காலம் கடந்திருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். 60 சென்டையும் நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்தப் பத்திரம் உங்கள் பங்குக்கு மட்டுமே செல்லும். உங்களுக்குப் பிறகு தங்கைகளின் பிள்ளைகள் பாகப்பிரிவினை வழக்குப் போடுவார்கள். ஆராதனை மண்டபத்தின் பாதி குழித்துறை நீதிமன்றத்தில் கிடக்கும்.

வேதத்துக்கு வருவோம். எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன்னால், சபையார் எல்லோரும் பார்க்க வந்து நிற்கிறார்கள். எங்களுக்கும் காணி வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே அதைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது. மாற்கு 7-இல் கொர்பான் என்றொரு சொல் வருகிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று அறிவித்துவிட்டு, இனி உங்களுக்குத் தர என்னிடம் ஒன்றுமில்லை என்று கைவிரிக்கும் வழக்கம். இயேசு அதை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேண்டுமென்று அப்படிச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்திரம் பதிவாகிவிட்டால், உங்கள் சகோதரிகளின் கண்ணுக்கு அது வேறு எப்படித் தெரியும்?

அவர்கள் மனமொத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் நிலம் முழுவதும் உங்களுடையது. ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. ‘ஒரு கையெழுத்துப் போட வாருங்கள்’ என்று போனில் சொல்லாதீர்கள். நேரில் போய், ஆளுக்கு 20 சென்ட் உங்களுக்கு உண்டு, இன்றைய விலை இவ்வளவு, இப்போது சொல்லுங்கள் என்று கேளுங்கள். தனக்கு இருப்பது தெரியாமல் ஒருவர் விட்டுக்கொடுப்பதை நான் சம்மதம் என்று எண்ணுவதில்லை. பின்னால் நீதிமன்றமும் எண்ணாமல் போகலாம்.

எட்டுப் பெண்களின் கணக்கு

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான்.

எடைக்கூலிக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அது தவறு. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தொழிற்சாலைகளுக்கும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள், நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவர் ஓய்வு பெற்றாலும், தாமாக விலகினாலும், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி தரவேண்டும். எடைக்கூலிக்காரரின் நாள் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது. விலகுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அவர் பெற்ற மொத்தக் கூலியின் சராசரி. மழைக்காலத்தில் சில வாரம் ஆலை ஓடவில்லை என்று உங்கள் கணக்குப்பிள்ளை சொல்லக்கூடும். சரக்கு இல்லாமல் நீங்கள் கதவைச் சாத்திய நாட்களை அவர்களுடைய கணக்கில் கழிக்க முடியாது. உண்மையிலேயே பருவகால ஆலையாக இருந்தால்கூட ஒரு பருவத்துக்கு 7 நாள் கூலி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் எட்டுப் பேரும் அதற்கு முன்பே விலகியவர்கள், எனவே பழைய சட்டம்தான்.

ஓர் உதாரணம். சராசரி நாள் கூலி 350 ரூபாய் என்றும், வேலை பார்த்தது 22 ஆண்டு என்றும் வைத்துக்கொள்வோம். 15 நாளுக்கு 5,250. 22 ஆண்டுக்கு 1,15,500 ரூபாய். எட்டுப் பேருக்கு 9,24,000. விலகிய 30 நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி வேறு. அவர்கள் கேட்கவில்லையே என்பது பதிலாகாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கடமை முதலாளியுடையது.

மண்டபத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த 10 லட்சத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொகையை வைத்துப் பாருங்கள்.

என் அத்தை ஒருவர் அண்டி ஆபீசில் தோடு உடைத்தவர். கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உடைக்க உட்காருவார். ஆனாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, நுனியில் ரேகையே இல்லாமல் வழவழப்பாக இருக்கும். நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது, வலது கையின் மேல் இடது கையை வைத்து அந்த விரல்களை மறைத்துக்கொள்வார். ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழாமல் அவர் திரும்பி வந்த நாட்களும் உண்டு. மூன்றாவது வரிசைப் பெண்மணி ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவர் மனதை நான் அறியேன். ஆனால் 20 வருடத்துக்கு மேல் பார்த்த வேலைக்குச் சேலையும் 5,000 ரூபாயும் வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லவேண்டி வந்த ஒருவருக்கு, மண்டபத்துக்கு 10 லட்சம் என்ற செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசிக்கிறேன். ஊரில் செய்திக்குக் கால் அதிகம்.

சகேயுவின் கதையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒன்று உண்டு. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்கிறான். அதோடு நிற்கவில்லை. யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். கொடுப்பது ஒரு கணக்கு, திருப்புவது வேறு கணக்கு. வரி வசூலித்தவனல்லவா, பேரேடு எழுதத் தெரிந்தவன். நீங்கள் திருப்பவேண்டியதைக் கொடுப்பதன் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ‘மனமுவந்து’ என்று நீங்கள் எழுதிய சொல்தான் இந்தக் கடிதத்தில் எனக்கு உறுத்தியது.

செய்யவேண்டியது கடினமில்லை. எட்டுப் பேருக்கும் தனித்தனிக் கணக்குத் தாள் தயாரியுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, சராசரிக் கூலி, வட்டி எல்லாம் அதில் இருக்கட்டும். பணத்தை அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆளுக்குக் கொடுத்த 5,000 ரூபாயைக் கழிக்காதீர்கள், அதை அன்பளிப்பு என்றுதானே சொல்லிக் கொடுத்தீர்கள்? எட்டுப் பேரில் யாராவது இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுக்குச் சேரும். பிரார்த்தனைக் கூட்டம் நடத்தி, மாலை போட்டு, மேடையில் கொடுக்க வேண்டாம். சம்பளப் பாக்கியை யாரும் மேடையில் வாங்குவதில்லை.

பத்திரமா, உயிலா

உங்கள் 20 சென்டோ, தங்கைகள் விட்டுக்கொடுத்தால் 60 சென்டோ, அதை எப்படிக் கொடுப்பது?

தானப் பத்திரம் என்றால் பதிவு செய்யவேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், உங்கள் வாழ்நாளிலேயே வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். எழுதியபின் மனம் மாறினால் திரும்பப் பெறுவது மிகமிகக் கடினம். உயில் அப்படியல்ல, உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். ஓராண்டுக் கதை ஒருகாலத்தில் உண்மை. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நெருங்கிய உறவுள்ள கிறிஸ்தவர் சமயத்துக்கோ தர்மத்துக்கோ சொத்து எழுதினால், இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. ஜான் வல்லமட்டம் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தப் பயத்தில் அவசரப்பட வேண்டியதில்லை. உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுபவருக்கோ அவருடைய துணைக்கோ அந்த உயிலில் எதுவும் எழுதாதீர்கள், நம் சட்டத்தில் அந்தப் பகுதி செல்லாமல் போகும்.

‘இப்போதைக்கு என் பெயரில் எழுதுங்கள், பிறகு டிரஸ்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்று போதகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், ஐயா. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பெயரில் பதிந்த நிலம் அவருடைய சொந்தச் சொத்து. நாளை அவர் இறந்தால் அது அவர் பிள்ளைகளுக்குப் போகும். பதிவு பெற்ற அறக்கட்டளை இருந்தால் அதன் ஆவணத்தையும், யார் யார் அறங்காவலர்கள் என்பதையும், மூன்று ஆண்டு வரவுசெலவுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், வக்கீல் கேட்கச் சொன்னார் என்று. வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் வேண்டும். நம் மாவட்டத்தில் அது எவ்வளவு காலம் இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

10 லட்சம் தருவதாக எழுதிய தாள் உங்களைக் கட்டுமா? வெறும் நன்கொடை வாக்குறுதியைச் சட்டம் வழக்கமாகக் கட்டாயப்படுத்தாது. ஆனால் அதை நம்பி அவர்கள் ஒப்பந்தக்காரரை அமர்த்திச் செலவு செய்துவிட்டால் நிலைமை மாறிவிடும். ஹௌரா நகர மண்டபத்துக்குச் சந்தா எழுதிவிட்டுப் பின்வாங்கிய ஒருவர், 1886-இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறார். எனவே இந்த வாரமே, கடைக்கால் தோண்டுமுன், எழுத்து மூலம் நிறுத்திவையுங்கள்.

வருமான வரியிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 80ஜி என்ற பெயரில் பழகிய நன்கொடைக் கழிவு பணமாகக் கொடுப்பதற்குத்தான், நிலத்துக்கு இல்லை. சாதாரண ஆராதனை மண்டபம் அதற்குள் வருவதும் அரிது.

நூறு மடங்கைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்கு 10:30-ஐ உங்கள் சொந்த வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். நூறத்தனைக்குப் பக்கத்திலேயே ‘துன்பங்களோடேகூட’ என்று இருக்கிறது. மேடைகளில் அந்தச் சொல் மட்டும் ஒலிபெருக்கியில் சரியாகக் கேட்பதில்லை.

வரியும் தசமபாகமும்

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் இன்று வாரிசுரிமை வரி இல்லை. 1953 முதல் 1985 வரை எஸ்டேட் டூட்டி என்ற பெயரில் இருந்தது. உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. வழக்குகள் குவிந்தன, வந்த பணம் கொஞ்சம்தான். வி. பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது அதை எடுத்தார். 1957-இல் வந்த செல்வ வரியும் 2015-இல் போய்விட்டது. 2024 தேர்தல் நேரத்தில் அமெரிக்காவின் வாரிசுரிமை வரியைப் பற்றி ஒருவர் பேசியதை வைத்து மேடைகள் முழங்கின. நீங்கள் அனுப்பியிருக்கும் வாட்ஸ்அப் செய்தி அந்தக் காலத்து மிச்சம். அரசியலமைப்பே தனியார் சொத்தைப் பிடுங்கிப் பங்கிடச் சொல்கிறது என்று அதில் இருப்பதும் சரியல்ல. சமூகத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்காகப் பகிரப்பட வேண்டும் என்கிறது 39(பி) பிரிவு. தனியாரின் எல்லாச் சொத்தும் அந்த ‘வளங்களில்’ சேராது என்று 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தார்கள். வரி பயத்தில் யாரும் ஒரே இரவில் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் நான்காம் கேள்வி. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது, எத்தனை சதவீதம் வரி சரி என்று வேதம் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். வரி வீணாகிறது, லஞ்சமாகக் கசிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கும் மறுப்பில்லை. நான் தினமும் அரசு அலுவலகங்களுக்குப் போகிறவன். ஒரு விசுவாசி குறைந்த வரியை ஆதரிக்கலாம். உங்கள் மகள் ‘கிறிஸ்தவரே இல்லை’ என்று சொன்னது அதிகப்படி. அப்போஸ்தலர் நடபடிகளில் ஆதிச் சபையார் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்ததை அவர் சொல்லியிருக்கிறார், சரி. அடுத்த அதிகாரத்தையும் படிக்கச் சொல்லுங்கள். விற்குமுன் நிலம் உன்னுடையதாகவே இருந்ததல்லவா என்றுதான் பேதுரு அனனியாவைக் கேட்கிறார். அவன் மாட்டிக்கொண்டது கொடுக்காததற்காக அல்ல, விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டியதற்காக.

ஆனால் உங்கள் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. பகிர்வது மனமுவந்து மட்டுமே நடக்கவேண்டும், சட்டமாகக்கூடாது என்கிறீர்கள். அப்படியானால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகம் என்ன? மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அது விருப்பக் காணிக்கை அல்ல, கட்டளை. உபாகமம் 14-இன் கடைசி வசனங்களைப் பாருங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகம் ஊர் வாசலிலேயே வைக்கப்படுகிறது, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாவதற்காக. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுவதும் சட்டம்தான். அந்நிய தேசத்து விதவையான ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினது அவளுக்கு இருந்த உரிமையால். போவாஸ் அதற்குமேல் அவளுக்காகக் கதிர்களைச் சிந்தவிடச் சொன்னானே, அதுதான் அவனுடைய தாராளம். நீங்கள் நேசிக்கும் தசமபாகமும் நீங்கள் வெறுக்கும் வரியும் அவ்வளவு தூரத்துச் சொந்தம் அல்ல.

‘யார் வரிப்பணத்திலும் நான் வாழவில்லை’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் உங்கள் மனைவி 30 வருடம் வாங்கிய சம்பளமும் இன்று வாங்கும் ஓய்வூதியமும் சபை உண்டியலிலிருந்து வரவில்லை, அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. நம் மாவட்டத்தின் கதையே இந்த இரண்டும் சேர்ந்ததுதான். லண்டன் மிஷன் நெய்யூரில் 1838-இல் மருத்துவமனை தொடங்கியதும், ஊருக்கு ஊர் பள்ளி வைத்ததும் கடல் கடந்தவர்கள் மனமுவந்து போட்ட பணத்தில். அங்கே உங்கள் கட்சிக்குப் பலம் இருக்கிறது. அந்தப் பள்ளிகளில் பல இன்று மூடாமல் நடப்பது அரசு தரும் சம்பள மானியத்தால். இந்துவும் முஸ்லிமும் கட்டும் வரி அது, மூன்றாவது வரிசைப் பெண்மணி சோப்பு வாங்கும்போது கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அங்கே உங்கள் மகளின் கட்சிக்கு. அடுத்த முறை மேசையில் இந்தப் பேச்சு வந்தால் இதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு.

பொருத்தனையை நிறைவேற்றத் தாமதிக்கக்கூடாது என்ற வசனம் உங்களை உறுத்துவது தெரிகிறது. தேதி குறிக்காத பொருத்தனைதானே, நான்கைந்து மாதம் தாங்கும். முதலில் ஆலைக் கணக்கு, பிறகு தங்கைகள், அதன்பின் நிலம். அந்த வரிசையில் வாருங்கள். நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ உங்களுக்குப் பழக்கமான வக்கீல் யாரிடமும் போகலாம். போகும்போது மூல ஆவணம், இன்றைய தேதிவரையிலான வில்லங்கச் சான்றிதழ், அப்பா அம்மா இருவரின் இறப்புச் சான்றிதழ், சட்டப்படியான வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆலையின் பழைய வருகைப் பதிவேடுகளும் எடைக்கூலி நோட்டுகளும் வீட்டுப் பரணில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மழைக்கு முன் அவற்றைக் கீழே இறக்கி வெயிலில் காயவையுங்கள், கரையான் பட்டிருந்தால் தட்டிவிடுங்கள். எட்டுப் பேரும் வேலைக்குச் சேர்ந்த தேதி அவற்றில்தான் இருக்கும்.